எழுதிக் கொடுத்த சொந்தம்

இந்த அறையில் ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் உட்கார முடியும் அம்மா. மேஜைக்கடியில் இருக்கிற அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த தம்பி அப்படித்தான் செய்வார். கொக்கி கொஞ்சம் மக்கர் பண்ணும், மேலே தூக்கித் தள்ள வேண்டும். ஆங், அப்படித்தான்.

ஜன்னல் கட்டிலில் இருந்த பெண் எனக்கு என்ன உறவு என்று கேட்டீர்கள். ஒரு உறவும் இல்லை. வார்டில் என் மகளை அக்கா என்று கூப்பிட்டாள், அந்த வழியில் நான் பெரியப்பா ஆனேன். வாய் உறவுதான். ஆனால் உங்கள் கம்ப்யூட்டர் அவளை நான் பெற்ற மகள் என்கிறது, என் மகளை யாரோ என்கிறது. அது ஏன் என்று சொல்கிறேன். எனக்கு முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் வரும். நடுவில் நிறுத்தினால் கோர்வை போய்விடும்.

நான் பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போனவன் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். இந்த ஆராய்ச்சிக் கட்டடத்தில் அட்டெண்டர். வயது தாண்டியும் வேறு ஆள் கிடைக்காததால் வைத்துக்கொண்டார்கள். வார்டில் எடுத்த ரத்த டியூப்களைத் தட்டில் வைத்து ரத்த மாதிரி வாங்குகிற அறைக்குக் கொண்டு வருவேன். வேலை முடிந்த டியூப்களை எரிக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்ப் போடுவேன். நடுவில் டாக்டர்களுக்கு டீ. இவ்வளவுதான் என் உத்தியோகம்.

படித்தவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. மறைப்பானேன். என் மனைவி வேறொரு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆபரேஷன் அவளுக்கு ஒத்துக்காது என்று டாக்டர் சொன்னார். எங்களுக்குப் பின்னால் வந்து படுத்த ஒரு அம்மாவுக்கு அதே ஆபரேஷன் நடந்தது. அந்த அம்மா நடந்து வீட்டுக்குப் போனாள். என் மனைவியை நான் தூக்கிக்கொண்டு போனேன். அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. ஒத்துக்காது என்பது வைத்திய வார்த்தை இல்லை. உனக்கெல்லாம் கிடையாது என்பதை மரியாதையாகச் சொல்வது.

இந்த அறையில் இருந்த தம்பி அந்த ரகம் இல்லை. அவர் வேலையின் பேரைக் கதவில் நீளமாக எழுதி ஒட்டியிருந்தார்கள். உயிரித் தகவலியல் உதவி வல்லுநர். நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் கையிலிருந்த டீ ஆறிவிட்டது. அதில் எனக்குப் புரிந்தது உதவி என்கிற சொல் ஒன்றுதான். பார்க்கப் போனால் அவர் வேலையும் அதுதான். டாக்டர்கள் ஒவ்வொருவராக வந்து கதவைத் தட்டுவார்கள்.

"நேத்து ஓடினது இன்னைக்கு ஏன் ஓடலை?"

"ஃபைலோட பேரை மாத்தியிருக்கீங்க சார்."

"நான் ஒண்ணையும் தொடலையே."

"சரி சார். அதுவா மாறியிருக்கும்."

டாக்டர் போனதும் தம்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். அட்டெண்டருக்கும் வல்லுநருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று எனக்கு அப்போது தோன்றும். இரண்டு பேருமே யாராவது குரல் கொடுத்தால் எழுந்து ஓடுகிறவர்கள். நாங்கள் அவரைக் கம்ப்யூட்டர் தம்பி என்போம்.

டீயை வைத்துவிட்டுத் திரும்பினால், "உக்காருங்க ஐயா, ரெண்டு நிமிஷம்" என்பார். திரையில் எறும்பு மாதிரி எழுத்துகள் ஓடும். "ரத்தத்துல இருக்கிறது நாலே எழுத்துதான். அதையே மாத்தி மாத்திப் போட்டு மனுஷனை எழுதியிருக்கு."

"நாலு எழுத்துதான்னா நானே பாஸ் பண்ணியிருப்பேனே தம்பி."

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு தன் வேலையைச் சொன்னார். எந்த ரத்தத்தின் கணக்கு வந்தாலும் முதலில் இரண்டு விஷயம் பார்ப்பாராம். ஆணா பெண்ணா. அடுத்தது, யார் யாருக்குச் சொந்தம். இந்த இரண்டும் எழுதிக் கொடுத்ததோடு பொருந்தினால்தான் டியூப் மாறவில்லை என்று தெரியும்.

"அப்ப கல்யாணத் தரகர் வேலைன்னு சொல்லுங்க."

"தரகருக்குக் கமிஷன் கிடைக்கும் ஐயா. எனக்குத் திட்டுதான் கிடைக்கும்."

அதில் ஒரு சங்கடம் உண்டு என்றார். சில சமயம் டியூப் மாறியிருக்காது. அப்பா என்று எழுதியிருக்கிறவர் அப்பாவாக இருக்க மாட்டார். அது அந்த வீட்டுக்கே தெரியாத சங்கதியாக இருக்கும். "நாங்க வாயைத் திறக்க மாட்டோம். வைத்தியத்துக்கு வந்தவங்க குடும்பத்தை உடைச்சு அனுப்பக் கூடாது." இன்னொரு விதியும் சொன்னார். எழுதிக் கொடுத்த சொந்தத்தை மட்டும்தான் சரிபார்க்கலாம். எழுதாத சொந்தத்தைத் தேடிக்கொண்டு போகக் கூடாது. அதற்குத் தனியாக மேலிடத்து அனுமதி வேண்டும். நல்ல விதி என்று நானும் சொன்னேன்.

நோயாளிகள் ரத்தத்தோடு ஒப்பிட நல்ல உடம்புக்காரர்கள் ரத்தமும் வேண்டும் என்று ஊழியர்களிடம் கேட்டபோது நானும் கையை நீட்டினேன். கொஞ்ச நாள் கழித்துத் தம்பி ஒரு டீ வேளையில், "ஐயா, இதை நான் சொல்லக் கூடாது, மனசு கேட்கலை. ஒரு வகை மாத்திரை உங்க உடம்புல கரையாது. தங்கித் தங்கி விஷமாயிடும். யாராவது கொடுத்தா வேணாம்னு சொல்லிடுங்க" என்றார். ரொம்பக் குறைவான பேருக்குத்தான் அப்படி இருக்குமாம். எதிலும் நான் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன்.

பிறகு என் மகள் படுத்தாள்.

எனக்கு இருக்கிறது அவள் ஒருத்திதான். தையல் மெஷின் கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மூக்கு, என் முன்கோபம், அவள் அம்மாவின் கை. எலும்புக்குள் ரத்தம் ஊறாத நோய். ஊரார் ரத்தத்தை ஏற்றி ஏற்றி எத்தனை நாள் ஓட்டுவது. எங்கள் கட்டடத்துப் பெரிய டாக்டரம்மா இந்த நோய்க்குத்தான் ஒரு புது மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் ரத்தத்தைக் கம்ப்யூட்டர் தம்பி படிப்பார். யார் உடம்பில் மாத்திரை கரையாதோ அவர்களுக்குக் கிடையாது.

என் உடம்பில் கரையாத அதே வகை மாத்திரை.

தம்பியிடம் ஜாடையாகக் கேட்டேன். அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் இருக்குமா.

"பாதிக்குப் பாதி ஐயா. இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும்."

படித்தவர்கள் இப்படிப் பேசினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஒத்துக்காது என்கிற வார்த்தை கிளம்பி வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். விஷம் என்பதை நான் நம்பவில்லை. மாத்திரை குறைவாக இருக்கும், ஆள் அதிகமாக இருக்கும், கழிப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அவ்வளவுதான் விஷயம் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தவன் வேறு எப்படி நினைப்பான், நீங்களே சொல்லுங்கள்.

அதே வார்டில்தான் அந்தப் பெண் இருந்தாள், ஜன்னல் பக்கத்துக் கட்டில். என் மகளைவிடச் சின்னவள். போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவள். பொல்லாத வாய். நான் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் திணறுவதைப் பார்த்துவிட்டு, "கொடுங்க பெரியப்பா, அதுக்கு வலிக்குது" என்று பிடுங்கினாள். எழுத்தையெல்லாம் பெரிதாக்கிக் கொடுத்தாள். "இப்ப எதிர் வீட்டுக்காரங்களும் படிக்கலாம்" என்றாள். என் மகள் நோய் வந்ததிலிருந்து சத்தமாகச் சிரித்தது அந்தப் பெண்ணிடம்தான்.

அவள் அம்மா கூடவே இருந்தாள். காலையில் எனக்கும் சேர்த்து பிளாஸ்கில் வெந்நீர் பிடித்து வைப்பாள். "அண்ணே, நீங்க உள்ளே வேலை பார்க்கிறவரு. இவளுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கண்ணே." நான் சொல்வதற்கு அங்கே ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன் என்றேன்.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுத்தார்கள். நான்தான் கொண்டு வந்தேன்.

மாதிரி அறையில் லேப் அம்மா ஒருத்தி உண்டு, உங்களுக்குத் தெரியும். டியூபில் நர்ஸ் ஒட்டியிருக்கிற பேரை உரித்துவிட்டு, தாளில் அந்தப் பேருக்கு நேரே போட்டிருக்கிற நம்பர் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். டியூபில் பேர் போகக் கூடாது, நம்பர் மட்டும்தான் போக வேண்டும்; பேர் இருக்கிற தாள் தம்பியிடம் தனியாகப் போகும். ஒருவருடைய டியூபை ஒட்டி முடித்துத் தட்டில் வைத்த பிறகுதான் அடுத்ததைக் கையில் எடுக்கலாம். அது சட்டம். அந்த அம்மா அதில் ரொம்பக் கண்டிப்பு. அன்றைக்கு அவள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டான் என்று போன் வந்தது. பதறிப்போனாள்.

"பெரியவரே, கடைசி ரெண்டுதான் பாக்கி. கொஞ்சம் ஒட்டிடுங்க. உங்க கை நடுங்காது."

நடுங்கவில்லை. இரண்டு டியூபையும் ஒன்றாக மேஜையில் வைத்தேன். இரண்டு பேரையும் உரித்தேன். மாற்றி ஒட்டினேன்.

அந்தப் பெண்ணை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், தேர்ந்தெடுக்கவில்லை. பாக்கி இருந்தது அவள் டியூப். அவ்வளவு கலகலப்பாக இருக்கிறவள் ரத்தம் சுத்தமாகத்தான் இருக்கும் என்று ஒரு எண்ணமும் இருந்தது. அவளுக்குக் கிடைக்காமல் போகும் என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன். சின்ன வயசு, அம்மா கூட இருக்கிறாள், வேறு மருந்து வரும்வரை தாங்குவாள் என்று நினைத்தேன். யாருக்கும் கெடுதல் பண்ணும் எண்ணத்தில் செய்ததில்லை. வரிசையில் ஒருவரைத் தாண்டி நிற்கிற மாதிரிதான் எனக்குத் தோன்றியது.

முடிவு வந்தது. என் மகளுக்கு மாத்திரை ஒத்துக்காது என்றார்கள். ஜன்னல் கட்டில் பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளும் என்றார்கள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் என் மகள் பேரில் அனுப்பியது வேறொருத்தி ரத்தம். அப்படியும் என் மகளுக்கு இல்லை என்கிறார்கள். என் ரத்தம் ஓடுகிற டியூப் அவள் பேரில் போயிருக்கிறது. அப்படியும் அவளுக்கு உண்டு என்கிறார்கள். அப்படியானால் இவர்கள் ரத்தத்தைப் பார்ப்பதே இல்லை. ஆளைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். பெட்டி, திரை, எறும்பு எழுத்து எல்லாம் கண்துடைப்பு. நான் சந்தேகப்பட்டது சரிதான் என்று ஆனது. அதில் எனக்கு ஒரு திருப்திகூட வந்தது, சொல்லத்தான் வேண்டும்.

வேறு மாதிரியும் இருக்கலாமே என்று தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது. மாடிப்படியில் தட்டோடு இறங்கும்போது தோன்றியது. என் மகள் எனக்கிருக்கும் குறை இல்லாமல் பிறந்திருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு அது இருக்கலாம். அப்படியானால் மாத்திரை அவளுக்கு விஷம், என் மகளுக்கு மருந்து. படியில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு குறைவான பேருக்கு வருவது சொல்லி வைத்தாற்போல் அந்த டியூபிலா இருக்கும் என்று கேட்டுக்கொண்டேன். அப்புறம் எழுந்து தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தப் பெண்ணின் அம்மா வந்து என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்களுக்குக் கிடைச்சது உனக்குக் கிடைக்கலையேம்மா." அந்தப் பெண், "அக்கா, நான் முதல்ல சாப்பிட்டு ருசி பார்த்துச் சொல்றேன், அப்புறம் நீங்க வாங்க" என்றாள்.

மறுநாள் காலையிலிருந்து அவளுக்கு மாத்திரை என்று முடிவான அன்று தம்பி என்னைக் கூப்பிட்டார். டீ கேட்கவில்லை. கதவைச் சாத்தினார். இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்துவிட்டு அவர் நின்றார். முகத்தில் வேர்வை. ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களை அப்பான்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. உங்க ரத்தமும் ஏற்கனவே இங்க இருக்கு. அதனால சரிபார்த்தேன்." குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணு... வளர்த்த பொண்ணா?"

நான் மேஜைக்கடியில் இருந்த பெட்டியைப் பார்த்தேன்.

"ரெண்டே காரணம்தான் ஐயா. டியூப் மாறியிருக்கணும். மாறியிருந்தா இப்பவே எல்லாத்தையும் நிறுத்தணும். ஜன்னல் பெட் பொண்ணுக்கு நாளைக்கு ஆரம்பிக்கிறாங்க, அதையும் நிறுத்தணும். எல்லார்கிட்டயும் திரும்ப ரத்தம் எடுக்கணும். இல்லைன்னா..."

இல்லையென்றால் என்னவென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நல்ல வளர்ப்பு.

அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது அம்மா. அந்தப் பெட்டி ரத்தத்தைப் படித்திருக்கிறது. என் பேரைப் பார்க்கவில்லை, என் மகள் பேரைப் பார்க்கவில்லை, ரத்தத்தைத்தான் பார்த்திருக்கிறது. என் மகளுக்குக் குறை இல்லை. அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது. டியூப் மாறிவிட்டது தம்பி என்று ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு பேரும் பிழைப்பார்கள்.

ஆனால் மாற்றியது யார் என்று அடுத்த கேள்வி வரும். என்னைப் போலீஸில் கொடுப்பார்கள். தட்டுத் தூக்குகிறவன் திருடன் என்று ஆகும். என் மகளைச் சோதனையிலிருந்தே தள்ளிவிடுவார்கள். அவளைப் பார்க்க யார் இருக்கிறார்கள். இப்படியெல்லாம் ஓடியது. ஆற அமர யோசிக்க நேரம் இல்லை. அவர் நின்றுகொண்டிருந்தார். பெட்டி இரைந்துகொண்டிருந்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "என் சம்சாரம் போய்ச் சேர்ந்துட்டா தம்பி. அதைக் கிளறாதீங்க" என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. "மன்னிச்சிடுங்க ஐயா. நான் கேட்கவே இல்லைன்னு நினைச்சுக்குங்க. இது இந்த அறையை விட்டு வெளியே போகாது" என்றார். கதவு வரை வந்து விட்டார். என் மனைவி என்னைத் தவிர இன்னொரு ஆளை நிமிர்ந்து பார்த்தவள் இல்லை. அது அவளுக்கும் எனக்கும் தெரியும், அதனால் பாதகம் இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

மாத்திரை ஆரம்பித்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்தப் பெண்ணின் வாயெல்லாம் புண்ணானது. பேச முடியவில்லை, அவளுக்கு அதுதான் பெரிய தண்டனை. போனில் பெரிய எழுத்தில் அடித்து என்னிடம் காட்டுவாள். "பெரியப்பா, மருந்து வேலை செய்யுது, என் வாயை மூடிடுச்சு." காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர்கள் நோய் முற்றிவிட்டது என்று நினைத்தார்கள். ஸ்கேன் எடுக்க நான்தான் அவளைத் தள்ளிக்கொண்டு போவேன். பாரமே இல்லை. அப்போதும் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நாளைக்குக் குறைந்துவிடும் என்று பார்த்தேன். பிறகு ஒருநாள் காலையில் கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அம்மா கிளம்பும்போது பிளாஸ்கை என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நல்ல பிளாஸ்க். இன்னும் சூடு நிற்கிறது.

மீந்துபோன ரத்தம் ஃப்ரீசரில் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தால் தப்பு ஸ்டிக்கரில் நடந்ததா கம்ப்யூட்டரில் நடந்ததா என்று தெரிந்துவிடும். அந்த வாரத்துக் கழிவோடு அந்த இரண்டு டியூபையும் சேர்த்துக் கொண்டுபோய் எரிக்கிற இடத்தில் போட்டேன். கழிவைக் கொண்டுபோவது என் வேலைதான். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் உடம்பிலிருந்து கடைசியாக எடுத்த ரத்தத்தை வேறு இடத்துக்கு அனுப்பிச் சோதித்தார்கள். அவளுக்கு மாத்திரை ஆகாது என்று வந்தது. எரிந்ததுபோக மிச்சம் இருந்தது இந்தப் பெட்டியில் இருக்கிற கணக்கு மட்டும்தான். கணக்கு யாருடையதோ தப்பும் அவருடையது என்றார்கள். தம்பியை மேல்மாடியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். நான் டீத் தட்டோடு கதவருகே நின்றேன்.

"எல்லா மாதிரியையும் சரிபார்த்தியா இல்லையா?"

"ஒண்ணுல பொருந்தலை சார். நான் மேற்கொண்டு பார்க்காம விட்டுட்டேன்."

"எது? ஏன் விட்டே?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு டம்ளர்கள் ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம் கேட்டது. "என் கவனக்குறைவு சார். அதுக்கு மேல சொல்ல முடியாது" என்றார்.

அவர் நினைத்திருந்தால் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். ஆனால் காட்டிக்கொடுக்க அவரிடம் என்ன இருந்தது? செத்துப்போன என் மனைவியின் மானம். அதைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வேலையை விட்டார். அவருக்கு இப்போது எங்கேயும் வேலை கிடைக்கவில்லை என்று கேள்வி. எனக்கு வருத்தம்தான்.

போகிற அன்று வார்டுக்கு வந்தார். என் மகளிடம் நலம் விசாரித்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். "ஐயா, அன்னைக்கு நீங்க சொன்னதை நான் சந்தேகப்படலை. ஆனாலும் மனசு அடிச்சுக்குது. புதுசா ரத்தம் எடுத்துப் பார்த்து, சுத்தமா இருக்கிறவங்களுக்கு மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கப் போறாங்க. உங்க பொண்ணுக்கும் ஒரு தடவை எடுத்துடுங்க. சொந்தம் பார்க்காதீங்கன்னு நான் எழுதி வச்சிட்டுப் போறேன்."

எழுதி வைத்தால் பார்க்காமல் இருப்பார்களா? படித்தவர்கள் சொல்வதை நான் நம்பிப் பழகவில்லை. பார்த்தால் அவள் என் மகள் என்று வரும். அவள் என் மகள் என்று வந்தால், முதல் டியூப் யாருடையது என்று வரும்.

"உடம்புல இருக்கிறதே ஊரார் ரத்தம். அதையும் உறிஞ்சணுமா? வேணாம் தம்பி" என்றேன்.

அவர் படியிறங்கிப் போனார்.

என் மகள் கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு என் காது இல்லை, நல்ல காது.

"பார்த்துடலாமாப்பா? போனா ஒரு டியூப்தானே."

"உனக்கு ஆகாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்கல்ல."

"மெஷின் தப்பு பண்ணியிருக்கும்னுதானேப்பா திரும்ப எடுக்கிறாங்க."

"மெஷினை நம்பாதே. அந்தப் பொண்ணும் அதை நம்பித்தான் சாப்பிட்டா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். பிறகு, "சரிப்பா. நீங்க சொன்னா சரி" என்றாள். நர்ஸ் கொண்டு வந்த காகிதத்தில் வேண்டாம் என்று அவளே கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்து அழகாக இருக்கும்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் ஓடியது. ரத்தம் ஏற்றுவது, இறங்குவது, திரும்ப ஏற்றுவது. கடைசி நாட்களில் என் கையைத் தடவிக்கொண்டு, "உங்க ரத்தம்தானேப்பா எனக்கு வந்திருக்கு, அதுக்காக நீங்க மனசு கஷ்டப்படாதீங்க" என்றாள். தன் ரத்தத்தில் குறை என்றே நம்பிக்கொண்டிருந்தாள். நான் கஷ்டப்படவில்லை என்று சொன்னேன். பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன். போன மாதம் போய்விட்டாள்.

நீங்கள் மேலிடத்தில் அனுமதி வாங்கி, எழுதாத சொந்தத்தைத் தேடியது அதற்குப் பிறகு. கொஞ்சம் முன்னாலேயே வாங்கியிருக்கலாம். உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் வேலையும் யாராவது குரல் கொடுத்தால்தான் ஆரம்பிக்கும்.

ஆக, நான்தான் டியூபை மாற்றினேன். நான்தான் எரித்தேன். அந்தப் பெண் மாத்திரை சாப்பிடப் போகிறாள் என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன். என் மகளுக்கு அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்தே வேண்டாம் என்றேன். எதைக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன், மாற்ற மாட்டேன். தம்பிக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள், அவர் பேரில் ஒன்றும் இல்லை என்று. என் மனைவியைப் பற்றி நான் சொன்னதையும் அப்படியே விட்டுவிடாமல் அடித்துவிடுங்கள். எதற்கும் இன்னொரு தடவை எங்கள் ரத்தக் கணக்கை அந்தப் பெட்டியில் போட்டுப் பாருங்கள். நான் அதை ஒருநாளும் நம்பியவன் இல்லை, இந்த ஒரு விஷயத்தில் நம்புகிறேன். அவள் நான் பெற்ற மகள்தான் அம்மா. அவளுக்காகத்தான் எல்லாமே செய்தேன்.